சாலட் கவுன்ட்டரில் நான் செய்தது

கஸ்தூரி என்ற பெண்மணிக்கு வேலை போனதும், அவருடைய தெருவில் அவருக்குத் திருடி என்று பெயர் வந்ததும் என்னால். அவர் எதையும் திருடவில்லை. தவறு என்னுடையது. விசாரணையில் என்னைக் கேட்டபோது நான் ஒரு தாளைப் பார்க்கச் சொன்னேன், அவ்வளவுதான். அந்தத் தாள் எனக்காகப் பொய் சொன்னது.

கேட்டரிங் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் இதைப் படிப்பார்கள் என்று நினைத்து, நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

1. இலையைக் கத்தியால் தொடக்கூடாது

நான் தாவரவியல் படித்தவன். அதற்குப் பிறகு கேட்டரிங் டிப்ளமோ. ஆவடியிலிருந்து ரயிலில் வந்து, அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒன்றுக்குப் பின் ஒன்றாகப் பல கேன்டீன்களில் வேலை பார்த்தேன். முதலில் எல்லாம் ஃபேக்டரி கேன்டீன். சோறு, சாம்பார், பொரியல், மோர். பிறகு ஃபேக்டரிகள் இருந்த இடங்களில் ஐ.டி. கம்பெனிகளின் கண்ணாடிக் கட்டடங்கள் வந்தன. அவற்றில் ஒன்றில் எங்கள் கம்பெனிக்கு கான்ட்ராக்ட் கிடைத்தது. நான் கிச்சன் இன்சார்ஜ்.

அங்கே வேலை செய்யும் பிள்ளைகள் சாலட் கேட்டார்கள். வெள்ளரியும் கேரட்டும் வட்டமாக நறுக்கி வைத்தோம். தொடவில்லை. பழமும் பருப்பும் கலந்த கீரை சாலட் வேண்டும் என்று அந்த நிறுவனத்தின் அட்மினிலிருந்து மெயில் வந்தது. செய்முறை எனக்குப் புத்தகத்தில் தெரியும். கையில் வரவில்லை. நான் செய்த முதல் சாலட் அரை மணி நேரத்தில் தண்ணீர் விட்டு, துவைத்த துணி போலத் தட்டில் கிடந்தது.

அதைச் சரிசெய்தவர் கஸ்தூரி. மண்ணூர்பேட்டையிலிருந்து எட்டு பெண்கள் ஒரே ஷேர் ஆட்டோவில் வேலைக்கு வருவார்கள். அவர்களில் ஒருவர். காய் நறுக்கும் வேலையில் இருந்தார்.

"உப்ப முன்னாடியே போட்டா கீரை அழுவாம இன்னா பண்ணும் சார்?" என்றார். "கத்தி போடாதீங்க. கையில பிச்சிப் போடுங்க. கத்தி பட்ட எடம் கறுத்துப்பூடும்."

மறுநாள் அவரையே சாலட் பிரிவில் நிறுத்தினேன். லெட்யூஸையும் இளம் பசலையையும் குளோரின் தண்ணீரில் அலசி, வெள்ளைத் துணியில் பரப்பி, ஈரம் ஒரு சொட்டு இல்லாமல் ஒற்றி எடுப்பார். பச்சை ஆப்பிளை நறுக்கியதும் எலுமிச்சைத் தண்ணீரில் போடுவார். மாதுளை, கறுப்பு திராட்சை. வறுத்துச் சீவிய பாதாமும் உடைத்த வால்நட்டும் பரிமாறும்போதுதான் மேலே விழும். அப்போதுதான் மொறுமொறுப்பு நிற்கும். சாலட்டின் மேல் ஊற்றும் டிரெஸ்ஸிங் தனிக் கிண்ணத்தில். கேட்ட பிறகு, தட்டில்தான் ஊற்றுவார்.

டிரெஸ்ஸிங்கும் அவருடையதே. ஊறவைத்த முந்திரியை வெண்ணெய் போல அரைத்து, எலுமிச்சைச் சாறு, தேன், வறுத்த சீரகம், நாலு புதினா இலை, கொஞ்சம் நல்லெண்ணெய். பாட்டில் டிரெஸ்ஸிங் வாங்குவதையே நாங்கள் நிறுத்திவிட்டோம். கவுன்ட்டர் கார்டில் 'வீட்டு முறை டிரெஸ்ஸிங்' என்று போட்டு, கீழே என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று அட்மின் அச்சடித்துக் கொடுத்தது. மூன்றாவது மாடிவரை வரிசை நிற்கும் என்று சொன்னால் மிகை. கதவுவரை நின்றது.

2. முந்திரி இல்லாத காலை

எங்கள் கிச்சனில் ஒரு வழக்கம் இருந்தது. எந்தப் பொருள் எவ்வளவு எடுத்தோம், யார் செய்தார்கள் என்று புரொடக்‌ஷன் ஷீட் எழுத வேண்டும். சமையல் முடிந்த பிறகு எழுதி, செய்தவரிடம் கையெழுத்து வாங்குவதுதான் விதி. மதியத்துக்குமேல் யாருக்கும் நிற்க நேரமிருக்காது என்பதால், காலையில் வந்து தலையில் வலை மாட்டும்போதே எல்லாரிடமும் வெறும் ஷீட்டில் கையெழுத்து வாங்கிவிடுவோம். மூன்று மணிக்கு உட்கார்ந்து நான் நிரப்புவேன். எல்லா கேன்டீனிலும் அப்படித்தான் செய்தோம். யாருக்கும் அது தப்பாகத் தெரியவில்லை.

கான்ட்ராக்ட் புதுப்பிக்கும் மாதம் அது. அன்று அந்த நிறுவனத்துக்கு வெளியூர் விருந்தினர்கள் வந்திருந்தார்கள். அவர்களுக்கு புலாவும் பாயசமும் தனியாகச் செய்யச் சொன்னார்கள். இருந்த முந்திரி எல்லாம் அதற்குப் போய்விட்டது. ஸ்டோரில் வேர்க்கடலை இருந்தது.

கஸ்தூரியைக் கூப்பிட்டு, "இன்னிக்கு டிரெஸ்ஸிங்குக்கு வறுத்த கடலையை அரைச்சிடு" என்றேன்.

"கார்டுல முந்திரின்னு கீதே சார்."

"பரவாயில்ல. ரெண்டும் பருப்புதானே."

தாவரவியல் படித்தவன் சொன்ன பேச்சு இது. வேர்க்கடலை நட்ஸ் இனமே இல்லை, பயறு இனம் என்று பரீட்சையில் எழுதியவன் நான்.

"கடலை வாசன காட்டிக் குடுத்துரும் சார்" என்றார்.

"புதினா கூடப் போடு. தெரியாது."

அவர் நகரவில்லை. "மூணாவது மாடியில கண்ணாடி போட்ட பொண்ணு ஒண்ணு வருமே, கோயம்புத்தூர் பக்கம். அதுக்கு முந்திரி, பாதாம்லாம் ஒண்ணும் பண்ணாது. கடலை மட்டும் ஆவாது சார். தினமும் என்னைக் கேட்டுட்டுதான் தட்டே எடுக்கும். அதுக்கு மட்டும் எலுமிச்சையும் தேனும் கலந்து தனியா ஒரு கப் வெச்சிடறேன்."

"வை" என்றேன்.

"கார்டு மாத்தணுமே?"

"நான் பாத்துக்கறேன்."

கார்டை மாற்றுவதென்றால் ஒன்பதரைக்குள் அட்மினுக்கு மெயில் போட வேண்டும். தாமதமாகப் போட்டால் எங்கள் கம்பெனி பெயரில் குறையாக ஒரு ரிமார்க் விழும். அப்போது மணி பத்தேகால். அந்த மாதத்தில் ஒரு ரிமார்க் வேண்டாம் என்று நினைத்தேன். மெயில் போடவில்லை. இந்தப் பேச்சு நடந்தபோது சப்பாத்திக் கல்லுக்கு முன்னால் மாவு உருட்டிக்கொண்டு பத்மா நின்றிருந்தார். அதே ஷேர் ஆட்டோவில் வருகிறவர். கஸ்தூரிக்கு எதிர் வீடு.

3. பன்னிரண்டரை

விருந்தினர்கள் மேல் மாடி ஹாலில் அரை மணி முன்னதாகவே சாப்பிட உட்கார்ந்துவிட்டார்கள். மேலே பரிமாற ஆள் போதவில்லை. கஸ்தூரியை மேலே அனுப்பிவிட்டு சாலட் கவுன்ட்டரில் நானே நின்றேன். போகும்போது அவர், "அந்த கப்பு ஃபிரிட்ஜுல மேல் தட்டுல கீது சார்" என்றார். தலையாட்டினேன்.

வரிசையில் இருபது பேர் இருந்திருப்பார்கள். கண்ணாடி போட்டவர்கள் அதில் பாதி. ஒரு பெண் தட்டை நீட்டி, "அக்கா இல்லீங்களாண்ணா இன்னைக்கு?" என்று கேட்டார்.

"மேல போயிருக்காங்க."

"தினமும் போடறதுதானுங்களே இது? கார்டுல இருக்கறது?"

"அதேதாம்மா."

ஊற்றினேன். அவர் குனிந்து முகர்ந்து பார்த்தது எனக்கு நினைவிருக்கிறது. புதினா வாசனைதான் வந்திருக்கும்.

பத்து நிமிடம் கழித்து நாற்காலி விழும் சத்தம் கேட்டது. முகமும் உதடும் வீங்கி, மூச்சு இழுத்துக்கொண்டு தரையில் கிடந்தார். பெயர் நிவேதா என்று அப்போதுதான் தெரிந்தது. மெடிக்கல் ரூம் நர்ஸ் ஓடி வந்து ஊசி போட்டதால் உயிர் நின்றது. ஆம்புலன்ஸில் கொண்டுபோனார்கள். இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்து பிழைத்து வந்தார்.

எல்லாரும் வாசலில் நின்றபோது நான் கிச்சனுக்குள் போனேன். ஃபிரிட்ஜின் மேல் தட்டில், மூடி போட்ட சின்ன ஸ்டீல் கப் இருந்தது. எலுமிச்சையும் தேனும். அதை எடுத்து சிங்க்கில் கொட்டிக் கழுவிக் கவிழ்த்தேன். பிறகு மேசையில் உட்கார்ந்து, கஸ்தூரி காலையில் கையெழுத்துப் போட்டிருந்த ஷீட்டில் 'முந்திரி' என்று எழுதினேன். தினமும் செய்கிற வேலைபோலத்தான் இருந்தது.

4. "ஷீட்டைப் பாருங்க"

மறுநாள் எங்கள் ஆபரேஷன்ஸ் மேனேஜர் வந்தார். ஆஸ்பத்திரியில் டாக்டர் வேர்க்கடலை என்று சொல்லிவிட்டாராம். கஸ்தூரியையும் என்னையும் ஸ்டோர் ரூமில் நிற்க வைத்துக் கேட்டார்.

"கடலை எப்படிம்மா வந்துச்சு?"

"சார்தான் போடச் சொன்னாரு" என்றார் கஸ்தூரி. அவருக்கு அதில் மறைக்க எதுவும் இல்லை. சாதாரணமாகத்தான் சொன்னார்.

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "சொன்னீங்களா?"

"ஷீட்டைப் பாருங்க சார்" என்றேன்.

பார்த்தார். "ஸ்டோர்லேர்ந்து முந்திரி இஷ்யூ ஆகியிருக்கு. உன் கையெழுத்து இருக்கு. அப்ப அந்த முந்திரி எங்கம்மா போச்சு?"

கஸ்தூரிக்கு முதலில் கேள்வி புரியவில்லை. புரிந்ததும் மேனேஜரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். "சார், சொல்லுங்க சார். தனியா கப்பு வெச்சனே. சொல்லுங்க."

நான் ஷீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வூட்டுக்கு மூட்ட கட்டிட்டு, கடலைய அரைச்சு ஊத்திட்ட. அப்படித்தானே?" என்றார் மேனேஜர். நான் அப்படிச் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. கிச்சன் ஆட்களையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டார்கள். யாரும் எதையும் பார்க்கவில்லை, கேட்கவில்லை என்றார்கள். எனக்கு அப்போது அது அதிர்ஷ்டமாகப் பட்டது.

அன்று மதியமே அவரை அனுப்பிவிட்டார்கள். தலை வலையைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். எஸ்டேட்டில் கேன்டீன்களுக்கு ஆள் எடுப்பவர்கள் ஒருவரை ஒருவர் அறிந்தவர்கள். அதன் பிறகு எந்தக் கேன்டீனும் அவரை எடுக்கவில்லை. எங்களுக்கு கான்ட்ராக்ட் புதுப்பிக்கப்பட்டது.

5. கடிதம்

அதற்குப் பிறகு இரண்டு ஆண்டுகள் வேலை பார்த்தேன். ஓய்வு பெறும் நாளில் சால்வை போர்த்தி, அதே மேனேஜர் பேசினார். "சாருடைய சர்வீஸ்ல ஒரே ஒரு இன்சிடென்ட். அதுவும் சார் தப்பு கெடையாது." எல்லாரும் கை தட்டினார்கள். பத்மாவும் அங்கே இருந்தார். அவர் தட்டினாரா என்று நான் பார்க்கவில்லை.

அந்த வாக்கியத்தோடு வீட்டில் உட்கார்ந்திருப்பது கடினமாக இருந்தது. ஒரு வருடம் தள்ளிப்போட்டேன். பிறகு கம்பெனிக்கு எல்லாவற்றையும் எழுதினேன். கடலை, புதினா, கப், ஷீட். ஹெச்.ஆர். பெண் போனில் மரியாதையாகப் பேசினார். "சார், அந்த ஃபைல் க்ளோஸ் ஆயிடுச்சு. நீங்க ரெஸ்ட் எடுங்க." நிவேதாவைத் தேடினேன். வேறு ஊருக்கு மாறிப் போய்விட்டதாகச் சொன்னார்கள். அதற்குமேல் தெரியவில்லை.

ஆனி மாதக் கடைசியில் மண்ணூர்பேட்டைக்குப் போனேன். கஸ்தூரி வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். இப்போது அட்டைப்பெட்டி செய்யும் இடத்தில் வேலை என்றார்.

"இன்னா சார், இவ்ளோ தூரம்?"

நின்றபடியே சொன்னேன். அவர் துணிக்கு கிளிப் போடுவதை நிறுத்தவில்லை. கடிதத்தின் நகலை நீட்டினேன். வாங்கவில்லை.

"லெட்டரு குடுத்துட்டீங்க, சரி. அந்த லெட்டரு எங்க தெருவுல வந்து பேசுமா?"

"என்ன செய்யணும், சொல்லும்மா."

கடைசித் துணியைப் போட்டுவிட்டுத்தான் பேசினார். "ஆடியில எங்க அம்மன் கோயில்ல கூழு ஊத்துவாங்க. கல்யாணம் ஆயி வந்ததுலேர்ந்து நான்தான் கிண்டுவேன். அந்த வருசம் போயி நிக்கறேன், 'நீ குந்து கஸ்தூரி, நாங்க பாத்துக்கறோம்'ன்னு கூழு கிண்டற துடுப்ப வாங்கிக்கினாங்க. யாரும் ஒண்ணும் சொல்லல. வெங்காயம் உரிக்கக்கூடக் கூப்புடல. சாமி சாமான் ஆச்சே, அத்தத் திருடி கையில குடுப்பாங்களா? அதுலேர்ந்து நான் போறதில்ல."

கடிதத்தின் நகலை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன்.

"மொத ஞாயித்துக்கெழம கூழு. அங்க வந்து சொல்லுங்க. மைக்குலாம் வாணாம். ஆட்டோவுல கூட வந்தவங்க கேட்டா போதும்."

6. கூழ் கொதிக்கும்போது

போனேன். கோயிலுக்குப் பக்கத்தில் செங்கல் அடுக்கி அண்டா ஏற்றியிருந்தார்கள். பெண்கள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டும் வெங்காயம் உரித்துக்கொண்டும் இருந்தார்கள். பத்மா துடுப்பைப் போட்டுக் கிண்டிக்கொண்டிருந்தார். ஆட்டோவில் வந்த எட்டுப் பேரில் ஐந்து பேர் அங்கே இருந்தார்கள். கஸ்தூரி சற்றுத் தள்ளி, விளக்குக் கம்பத்தின் அருகே நின்றார். மூன்று வருடம் கழித்து அன்றுதான் வந்திருக்கிறார்.

சொன்னேன். ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். முந்திரியை அவர் தொடவே இல்லை, கடலை போடச் சொன்னது நான், ஷீட்டில் பொய் எழுதியதும் நான் என்றேன்.

வெங்காயம் உரித்தவர்களில் ஒரு அம்மாள், "சாரு கூழு குடிக்க வந்துகீறாருன்னு பாத்தேன், பாவத்தக் கழுவிக்க வந்துகீறாரு" என்றார். ஒருவரும் சிரிக்கவில்லை.

பத்மா அண்டாவைப் பார்த்தபடியே பேசினார். "எங்களுக்குத் தெரியும் சார்."

எனக்குப் புரியவில்லை.

"நீங்க கடலை அரைக்கச் சொன்னப்போ நான் அங்கதான் நின்னுகினு இருந்தேன். காதுல உழுந்துச்சு. அன்னிக்கு கஸ்தூரி மேல பரிமாறப் போயிருந்தப்பவே இதுங்ககிட்ட சொல்லிட்டேன். மேனேஜரு கேட்டப்போ எம் பொண்ணு நர்சிங் சேர்ந்து ரெண்டு மாசம். ஒவ்வொருத்திக்கு ஒவ்வொண்ணு. வாயத் தொறக்கல."

"அப்புறம் துடுப்ப எதுக்கு வாங்கினீங்க?" இதைக் கேட்டது கஸ்தூரி. கம்பத்தைவிட்டு இரண்டு அடி முன்னால் வந்திருந்தார்.

பத்மா கூழை இன்னும் ஒரு சுற்றுக் கிண்டினார். "நீ பக்கத்துல நின்னா மூஞ்சப் பாக்க முடியல கஸ்தூரி. ஊரு சொல்றதே நெசம்னு வெச்சிக்கினா எங்களுக்குச் சுளுவா இருந்துச்சு."

சொல்லிவிட்டுத் துடுப்பை அண்டாவிலிருந்து எடுத்து கஸ்தூரியிடம் நீட்டினார். கூழ் சொட்டியது.

கஸ்தூரி அதை வாங்கவில்லை. "நீயே கிண்டு. அடி புடிச்சிரப் போவுது" என்றார்.

பிறகு நடந்தார். நான் பின்னாலேயே போனேன். தெரு முனையில் திரும்பி நின்றார். அவர் குரலில் கோபம் இல்லை.

"நீங்க ஒருத்தர்தான் பொய் சொன்னீங்கன்னு நெனச்சிகினு இருந்தேன் சார். இதுங்க தெரியாம நம்பிடுச்சுங்கன்னு. அதுவே தேவலாம்."

பஸ் ஏறி வீட்டுக்கு வந்தேன்.

அதன் பிறகு நடந்ததை பத்மா போனில் சொல்லித்தான் தெரியும். அந்த ஞாயிறு தெருவில் நிறைய பேர் கேட்டுவிட்டதால், திருட்டுப் பேச்சு ஆடி முடிவதற்குள் நின்றுவிட்டது. அந்த அளவுக்கு நான் போனதில் பயன் இருந்தது. பத்மாவும் இன்னும் இரண்டு பேரும் கம்பெனி ஆபீசுக்குப் போய், தாங்கள் கேட்டதை எழுதிக் கொடுத்தார்கள். கம்பெனி கஸ்தூரியைத் திரும்ப வேலைக்குக் கூப்பிட்டது. அவர் போகவில்லை. பத்மா நான்கு முறை அவர் வீட்டுக்குப் போனார். மூன்று முறை கதவு திறக்கவில்லை. நான்காவது முறை திறந்தது. உள்ளே வா என்று சொல்லவில்லை.

புதிதாக மேற்பார்வைப் பொறுப்புக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல நினைப்பது இதைத்தான். பொறுப்பில் இருப்பவன் சொல்லும் பொய் அவனோடு நிற்காது. கீழே வேலை செய்கிறவர்கள் தங்கள் சோற்றுக்காக அதற்குத் துணை நிற்க வேண்டியிருக்கும். நான் ஒருத்திக்குக் கெடுதல் செய்தேன் என்றே நினைத்திருந்தேன். எட்டுப் பெண்கள் ஒரே ஆட்டோவில் வந்துகொண்டிருந்தார்கள். அந்த ஒட்டுறவை உடைத்தேன் என்பது கூழ் அண்டாவின் முன்னால் நின்றபோதுதான் தெரிந்தது. என் பொய்யைத் திரும்பப் பெற என்னால் முடிந்தது. அவர்களுடைய மௌனத்தைத் திரும்பப் பெற என்னால் முடியாது. அது அவர்களுக்குள் தீர வேண்டியது. நான் மறுபடி அங்கே போகவில்லை.

போன வாரம் பத்மா பேசினார். தெருக்குழாயில் பார்க்கும்போது கஸ்தூரி இப்போது, "தண்ணி வந்துச்சா?" என்று கேட்கிறாராம்.

"வேற ஏதாவது?" என்று கேட்டேன்.

"இல்ல சார். அது மட்டும்தான்" என்றார் பத்மா. "நானும் வந்துச்சுன்னு மட்டும் சொல்வேன்."